விறாந்தை நொத்தாரிசு

ஆடி, ஆவணி வந்தால் எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சட்டத்தரணி ஒருவரின் வாசல் முழுக்கச் செருப்புகள்தான். நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த கனடாக்காரர், லண்டன்காரர், சுவிஸ்காரர் எல்லாருக்கும் பிளேன் ஏறமுன்னர் காணி உறுதி முடிந்துவிட வேண்டும். அவர் பிரசித்த நொத்தாரிசும்கூட. விறாந்தையில் ஒரு மேசை, பின்னால் இரும்பு அலுமாரி, அதற்குள் வருடவாரியாகக் கட்டி அடுக்கிய உறுதிகள். போன வருடம் நானும் ஒரு அற்றோணித் தத்துவம் எழுதுவிக்கப் போயிருந்தேன். சாட்சிகள் இரண்டுபேரும் கையொப்பம் வைத்துக்கொண்டிருக்க, முன்பள்ளி போகும் கடைக்குட்டி மேசைக்குக் கீழிருந்து எட்டிப்பார்த்து, “அம்மா, நானும் சைன் வைக்கட்டே?” என்றாள்.

“நீ சாட்சி இல்லையம்மா. கொஞ்சம் பொறு, அன்ரியை முடிச்சு அனுப்பிப்போட்டு வாறன்.”

நீதிமன்றத்தில் குறுக்கு விசாரணைக்கு எழுந்தால் எதிர்த்தரப்புச் சாட்சிக்கு நாக்கு வறளும் என்று பெயர் எடுத்தவர் அவர். மூத்த பிள்ளையோடு கொஞ்சம் குறைத்தார். இரண்டாவதோடு கோட்டுக்குப் போவதே அருமையாகிவிட்டது. “வீட்டிலிருந்தே வேலை, நேரமும் உங்கட கையில், என்ன குறை?” என்று நான் கேட்டதற்கு அவர் சிரித்தார். “உங்களுக்கு ஒப்பம் வைக்க நேரம் இருக்கிற நேரம்தான் அக்கா என்ர நேரம்.”

அவர் சொன்னதன் முழு அர்த்தமும் பிறகுதான் விளங்கிற்று. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் ஒன்றாக இருக்க ஒப்பமிடாத காணி விற்பனை செல்லாது. ஆகவே எல்லாரும் ஓய்வாக இருக்கும் பின்னேரமும் ஞாயிறும்தான் வேலைநேரம். மாதம் முடிந்தால் எழுதிய உறுதிகளின் இணைப்பிரதிகளை அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்தில் சேர்க்கவேண்டும். பிள்ளைக்கு டெங்கு என்று 15ஆம் திகதி தள்ளிப் போகாது. வெளிநாட்டுக்காரர் வரும் ஓகஸ்ற் மாதம் பள்ளிக்கூட விடுமுறையும் கூட. தாய்மாருக்கு வசதியான வேலை என்று நாங்கள் நினைத்திருக்கும் ஒன்றின் உச்சக்கட்டம், பிள்ளைகள் நாள் முழுக்க வீட்டில் நிற்கும் அந்த மாதத்தில்தான் வருகிறது.

இதில் இன்னொரு வேடிக்கை. தேசவழமைக்கு உட்பட்ட திருமணமான பெண், 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டப்படி, தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் பெறவேண்டும். ஊராரின் உறுதிகளை எல்லாம் எழுதி அத்தாட்சிப்படுத்தும் நொத்தாரிசு, தாய் தந்த சீதனக் காணியை விற்கப் போனால் அவரும் புருஷனைக் கூட்டிக்கொண்டுதான் போகவேண்டும். புருஷனுக்குத் தன் காணியில் அப்படியொரு கட்டுப்பாடு கிடையாது. இதைச் சொன்னபோது அவருக்குக் கோபம் வரவில்லை, எனக்குத்தான் வந்தது.

சரி, ஏன் அவர் கோட்டுக்குப் போவதை விட்டார்? நான் பிரசவ விடுமுறை என்று நினைத்தேன். அந்த விடுமுறையே அவருக்கு இருக்கவில்லை. வங்கியிலோ கம்பனியிலோ வேலை செய்யும் பெண்ணுக்கு 84 நாள் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. 2018ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு எத்தனையாவது பிள்ளை என்றாலும் அதே 84 நாள்தான். ஆனால் தனியாகத் தொழில் செய்யும் சட்டத்தரணிக்கு முதலாளி இல்லை, அதனால் விடுமுறையும் இல்லை. கட்டிலில் படுத்திருக்கும் நாளுக்குச் சம்பாத்தியம் பூச்சியம். இடையில் கட்சிக்காரரும் வேறு ஆளைப் பார்த்துவிடுவார். இங்கிலாந்தில் பாரிஸ்டர்களும் தனித்தொழில்காரர்தான். அங்கே 2017 முதல், பிள்ளை பராமரிக்க ஒரு வருடம் வரை விலகியிருப்பவரின் இடத்தை அவருடைய சேம்பர்ஸ் வைத்திருக்கவேண்டும் என்று விதி இருக்கிறது. எங்கள் ஊரில் சேம்பர்ஸ் என்பது பெரும்பாலும் சிரேஷ்டர் ஒருவரின் முன்னறைதான். அந்த அறையில் கனிஷ்டரின் கதிரை எத்தனை நாள் காலியாக இருக்கும்?

அவர் சொன்ன காரணம் வேறு. காலை ஒன்பதரைக்கு நீதிமன்றம் கூடும். அன்றைய வழக்குகள் எல்லாவற்றுக்கும் நேரம் அதுதான். தன் வழக்கைப் பத்து மணிக்குக் கூப்பிடுவார்களா, பன்னிரண்டுக்கா என்று யாருக்கும் தெரியாது. கூப்பிட்டபிறகு “தவணை” என்று ஒரு சொல்லோடு முடியவும் கூடும். முன்பள்ளி விடுவது பதினொன்றரைக்கு. யாழ்ப்பாணத்தில் ஒன்று, பருத்தித்துறையில் ஒன்று என்று ஒரே நாளில் விழுந்தால், இடையில் முப்பது கிலோமீற்றருக்கு மேல் ஸ்கூட்டியில் ஓடவேண்டும். வெள்ளைச் சேலை, கறுப்பு அங்கியோடு, பால் கட்டின நெஞ்சோடு, நீதிமன்ற விறாந்தை வாங்கில் இரண்டு மணித்தியாலம் இருந்து பார்த்தவர்களுக்கு அது விளங்கும்.

அம்மம்மா இருந்தால் சமாளிக்கலாம். அந்த அம்மம்மா ரொறன்ரோவில் மற்ற மகளின் பிள்ளைப்பேறு பார்க்கிறார், ஆறு மாத விசா முடிந்தால் நீடிப்பு எடுக்கிறார். குடாநாட்டுத் தாய்மார் பலரின் நிலைமை இதுதான்.

இதற்காகத் தாய்மாருக்கென்று பகுதிநேரச் சட்டத்தரணி எனப் புதிதாக ஒரு இனத்தை உருவாக்கவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. 2011இல் ஷிராணி பண்டாரநாயக்கவும் 2024இல் முர்து பெர்னாண்டோவும் பிரதம நீதியரசராக வந்த நாடு இது. உச்சிக்குப் போக வழி இருக்கிறது. ஒன்பதரைக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில்தான் வழி அடைபட்டிருக்கிறது. வழக்குக்கு நேரம் குறித்துக் கொடுத்தால் அரைநாளில் முழுச் சட்டத்தரணியாக இருக்கலாம். தவணை எடுப்பதை மட்டும் காணொளியில் முடித்தால் ஸ்கூட்டி ஓட்டமும் குறையும். கொவிட் காலத்தில், 2021ஆம் ஆண்டின் 17ஆம் இலக்கத் தற்காலிகச் சட்டம் தொலைத்தொடர்பு வழியான விசாரணைக்கு இடம் கொடுத்தது. செய்ய முடியாத காரியம் அல்ல என்பதற்கு அதற்குமேல் அத்தாட்சி வேண்டியதில்லை.

சட்டம் மாறும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. சிரேஷ்டர் ஒருவர் எழுந்து நின்றால் அவருடைய வழக்கை முன்னுக்கு எடுப்பது எங்கள் நீதிமன்றங்களின் வழக்கம். நரைத்த தலைக்கான அந்த மரியாதையைக் கைக்குழந்தைக்காரிக்கும் கொடுத்தால் என்ன? தெரிந்த சிரேஷ்டர் ஒருவரிடம் இதைக் கேட்டேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி யோசித்தார்.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா பிறகு தேப்பன்மாரும் பிள்ளையை ஏத்தவேணும், முன்னுக்கு எடுங்கோ எண்டு கேப்பினமே?”

“கேக்கட்டும் ஐயா,” என்றேன். “அதைத்தானே நாங்களும் பாத்துக்கொண்டிருக்கிறம்.”