தனியாகச் சாப்பிட விடாதீர்கள்

நான் மூன்று ஆண்டுகள் காதலித்தவர் எங்கள் வீட்டில் பலமுறை சாப்பிட்டிருக்கிறார். அம்மா வைத்த மாட்டுக்கறிக் குழம்பை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கியிருக்கிறார். திருமணப் பேச்சு வந்ததும், "வீட்டில் சாதி பார்க்கிறார்கள்" என்று விலகிக்கொண்டார்.

சேர்ந்து உண்பதால் மட்டும் சாதி ஒழியாது, சாதி மறுப்புத் திருமணமே உண்மையான மருந்து என்று அம்பேத்கர் 1936இலேயே எழுதிவிட்டார். அதைப் படித்துத் தேர்வெழுதிய எனக்கு அன்றுதான் அது புரிந்தது.

பல நாள் அறையைவிட்டு வெளியே வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூடப் படித்த தோழிகள் இருவர் கறியும் சின்ன வெங்காயமுமாக வந்தார்கள். ஆறுதல் எதுவும் சொல்லாமல் வெங்காயத்தை உரிக்கச் சொன்னார்கள். உரித்தபடியே அழுதேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. மூவரும் ஒரே தட்டில் சாப்பிட்டோம். அன்றிரவு தூங்கினேன்.

அந்தச் சோறு சாதியை ஒழித்துவிடவில்லை. ஆனால் என்னை எழுப்பி உட்காரவைத்தது. 'குறை உன்னிடம்தான்' என்று நம்பவைத்து நம்மைத் தனிமைப்படுத்துவதுதான் சாதியின் வேலை.

தோழர்களே, இப்படி உடைந்துபோன ஒருவரிடம் உடனே கொள்கை பேசாதீர்கள். அடுப்பைப் பற்றவையுங்கள். உரிக்கவோ நறுக்கவோ அவருக்கும் ஒரு வேலை கொடுங்கள். நிமிர்ந்தபின் அவரே அரசியல் பேசுவார்.