மாணவியா, தொழிலாளியா?

பிரேசில் நாட்டின் வடகிழக்கே, கடலோரத்தில் சாவோ லூயிஸ் என்று ஓர் ஊர். 1999 அக்டோபரில் அங்கே பிறந்தவர் கத்தரினா மக்காரியோ. சின்ன வயதிலேயே கால்பந்தில் மோகம். பையன்களோடு சேர்ந்துதான் ஆடினார். பன்னிரண்டு வயதானதும், இனிப் பையன்களோடு ஆடக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அந்த நாட்டில் இதற்குப் பழைய வேர் உண்டு. 1941-ல் வார்காஸின் சர்வாதிகார ஆட்சி, பெண்களின் இயல்புக்கு ஒவ்வாத ஆட்டங்களைப் பெண்கள் ஆடக் கூடாது என்று சட்டம் போட்டது. கால்பந்தும் அதில் சேர்ந்தது. 1979 வரை தடை நீடித்தது. சட்டம் போனதே தவிர, மைதானம் வந்துவிடவில்லை. கால்பந்தை உயிராக மதிக்கும் நாட்டிலே ஒரு பெண் குழந்தைக்கு ஆட இடமில்லை!

தகப்பனும் அண்ணனும் அவரை அழைத்துக்கொண்டு அமெரிக்காவில் சான் டியேகோ நகருக்குக் குடிபெயர்ந்தார்கள். மருத்துவரான தாய் பிரேசிலிலேயே தங்கி, வேலை பார்த்துப் பணம் அனுப்பினார். பிழைப்புக்காகக் குடும்பம் இரண்டாகப் பிரிவது நம் வாசகர்களுக்குப் புதிய சங்கதி அல்ல.

2017-ல் ஸ்டான்போர்டு சர்வகலாசாலை அணியில் முன்வரிசை ஆட்டக்காரியாகச் சேர்ந்தார். மூன்று பருவங்களில் 68 ஆட்டம், 63 கோல். தோழியர் கோல் போடப் பந்து எடுத்துக் கொடுத்தது இன்னும் 47 முறை. 2017-லும் 2019-லும் ஸ்டான்போர்டு அகில அமெரிக்கக் கல்லூரிக் கோப்பையை வென்றது. மிகச் சிறந்த கல்லூரி வீராங்கனைக்குத் தரும் ஹெர்மன் பரிசு 2018, 2019 இரு ஆண்டும் அவருக்கே கிடைத்தது.

திறமைசாலிப் பெண்ணின் முன்னேற்றம் என்று பத்திரிகைகள் எழுதின. பொய்யில்லை. ஆனால் தொழிலாளி கேட்கும் கேள்வி வேறு. மூன்று வருஷம் உழைத்தாரே, கூலி என்ன?

கூலி கிடையாது! அன்று கல்லூரி அதிகபட்சம் தரக்கூடியதாக இருந்தது படிப்புச் செலவு, தங்க இடம், சாப்பாடு, புத்தகம், கைச்செலவுக்குக் கொஞ்சம். பயிற்சியாளருக்குச் சம்பளம் உண்டு. நிர்வாகிக்குச் சம்பளம் உண்டு. புல் வெட்டுகிறவருக்கும் உண்டு. ஆடுகிறவருக்கு மட்டும் அன்று இல்லை. வாரத்துக்கு 20 மணி நேரம்தான் ஆட்ட வேலை என்று ஏட்டில் விதி இருக்கிறது. பயண நேரம் அதில் சேராது. நாள் முழுதும் போனாலும் ஆட்ட நாளுக்கு மூன்று மணி என்றே கணக்கு எழுதுவார்கள். கங்காணியின் துண்டுச்சீட்டு தோற்றுவிடும்!

இந்த அநியாயத்துக்கு ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள்: "மாணவ விளையாட்டாளர்". பெயர் பிறந்த கதையைக் கேளுங்கள்.

1955-ல் கொலராடோ மாநிலத்தில் ரே டென்னிசன் என்ற கல்லூரி ஆட்டக்காரர், அமெரிக்கர்கள் ஆடும் அந்த முரட்டுக் கால்பந்தில் தலையில் அடிபட்டு இறந்தார். அவருடைய மனைவி, தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டப்படி ஈடு கேட்டார். கல்லூரிகளின் விளையாட்டுச் சங்கம் அரண்டுபோயிற்று. ஒருத்திக்குக் கொடுத்தால் ஊருக்கெல்லாம் கொடுக்க வேண்டுமே! அந்தக் காலத்தில்தான் இந்தச் சொல்லை உருவாக்கி, எங்கும் இதையே எழுத வேண்டும் என்று வற்புறுத்தினார்கள். சொல்வது நாமல்ல, அன்று சங்கத்தின் தலைமை நிர்வாகியாக இருந்த வால்டர் பையர்ஸ், 1995-ல் வெளிவந்த தம் புத்தகத்தில் தாமே ஒப்புக்கொண்டார். 1957-ல் மாநில உச்ச நீதிமன்றம், கல்லூரி கால்பந்து வியாபாரம் செய்யவில்லை என்று சொல்லி விதவையின் கோரிக்கையைத் தள்ளியது. அவருக்குக் கிடைத்தது வெறுங்கை.

அப்ரண்டிஸ், பதிலி என்றெல்லாம் பெயர் மாற்றிக் கூலியைக் குறைக்கும் வித்தையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒரு பதில் சொல்வார்கள். ஸ்டான்போர்டு படிப்பு சாமானியமா? காசு கொடுத்தும் கிடைக்காததாயிற்றே? உண்மைதான். அந்தப் படிப்பை நாம் இளப்பமாகப் பேசவில்லை. பெண்கள் கால்பந்தில் வசூல் குறைவு என்பதும் உண்மை. சங்கத்தின் பெட்டியை நிரப்புவது பெரும்பாலும் ஆண்களின் கூடைப்பந்துப் போட்டிக்கு வரும் டெலிவிஷன் பணம். ஆனால் நஷ்டக் கணக்குக் காட்டும் மில்லிலும் நூற்ற நூலுக்குக் கூலி உண்டல்லவா? பெண்களுக்கு இந்த அணிகள் கிடைத்ததும் தயவினால் அல்ல. கல்வி நிலையங்களில் பெண்களுக்குப் பாரபட்சம் காட்டக் கூடாது என்று 1972-ல் வந்த சட்டமே வாசலைத் திறந்தது.

2020 அக்டோபரில் மக்காரியோ அமெரிக்கப் பிரஜை ஆனார். 2021 ஜனவரியில் அந்த நாட்டு அணிக்கு ஆடி, இரண்டாவது ஆட்டத்திலேயே கோல் போட்டார். கடைசிப் பருவம் பாக்கியிருக்க, அதே மாதம் கல்லூரியை விட்டு, சம்பளம் தரும் லியோன் அணிக்கு பிரான்ஸ் சென்றார். 2022 மே 21-ல் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில் லியோன் 3-1 என்று பார்சிலோனாவை வென்றபோது மூன்றாவது கோல் அவருடையது. அடுத்த சில நாட்களில், ஜூன் தொடக்கத்தில், முழங்கால் தசைநார் அறுந்தது. அவர் மறுபடி போட்டியில் ஆடியது 2024 மார்ச்சில், லண்டனில் செல்ஸி அணிக்காக. ஏறத்தாழ 21 மாதம்! ஒப்பந்தமும் சம்பளமும் உள்ளவருக்கே அது கடும் சோதனை. அதே கால் கல்லூரியில் அறுந்திருந்தால்? டென்னிசனின் மனைவிக்குச் சொன்ன பதிலைத்தான் சொல்லியிருப்பார்கள்.

அவர் வெளியேறி ஆறு மாதம்கூட ஆகவில்லை, கோட்டையில் விரிசல் கண்டது. 2021 ஜூன் 21-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சங்கத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தார்கள். ஜூலை 1 முதல், ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்க அனுமதி வந்தது. 2025 ஜூனில், கல்லூரிகள் நேராகவே பணம் தரலாம் என்ற சமரசத்தை நீதிமன்றம் ஏற்றது: முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு 2 கோடி 5 லட்சம் டாலர் வரை. பழைய பாக்கிக்கு 280 கோடி டாலர். அந்தப் பாக்கியில் பெரும்பகுதி ஆண்களின் இரண்டு ஆட்டங்களுக்கே. பெண்களுக்குச் சிதறியது சில்லறை. 1972 சட்டத்தைக் காட்டிப் பெண்கள் அப்பீல் செய்தார்கள்.

பணம் தருகிறோம், ஆனால் தொழிலாளி என்ற சொல்லை மட்டும் கேட்காதே என்கிறார்கள். டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து இளைஞர்கள் அதையே கேட்டார்கள். 2024 பிப்ரவரியில் தொழிலாளர் வாரிய அதிகாரி அவர்களைத் தொழிலாளர்கள் என்று தீர்மானித்தார். மார்ச் 5-ல் சங்கம் வேண்டும் என்று 13 பேர், வேண்டாம் என்று 2 பேர் வோட்டுப் போட்டார்கள். கல்லூரி பேச்சுவார்த்தைக்கே வர மறுத்தது. ஆட்சி மாறி வாரியத்தில் ஆட்கள் மாறினால், பாதகமான தீர்ப்பு வந்து மற்றக் கல்லூரிகளின் கையையும் கட்டிவிடுமே என்ற அச்சத்தில், டிசம்பர் 31-ல் மனு வாபஸ் வாங்கப்பட்டது. அச்சம் வீண் அச்சமல்ல என்பதே நம் அபிப்பிராயம். ஆனால் அந்த 13 வோட்டை யாரும் வாபஸ் வாங்கவில்லை.