துடைக்கத் துடைக்கத் தேயும் பளபளப்பு

தில்லியின் அடுக்குமாடிக் குடியிருப்புகளில் காலை ஐந்தரை மணிக்கே வேலை தொடங்கிவிடுகிறது. ஒரு பிளாஸ்டிக் வாளி, அதில் பாதித் தண்ணீர், தோளில் ஒரு பழைய துணி. முதல் காரைத் துடைக்கும்போது தண்ணீர் தெளிவாக இருக்கிறது. ஐந்தாவது காருக்கு வருவதற்குள் அது பாலில்லாத டீயின் நிறத்துக்கு மாறிவிடுகிறது. பத்தாவது காரின் சொந்தக்காரர் எட்டரை மணிக்கு இறங்கி வந்து, ஈரம் காய்ந்து மின்னும் வண்டியைப் பார்த்துத் திருப்தியோடு அலுவலகம் கிளம்புகிறார். முந்தைய ஒன்பது கார்களின் புழுதியும் தன் கார் மீது அழுத்தித் தேய்க்கப்பட்டிருப்பது அவருக்குத் தெரியாது. ஒரு நாள் மாலை, சாய்ந்த வெயில் பானெட்டில் விழும்போது தெரியவரும். சிலந்தி வலை பின்னியது போல வட்ட வட்டமாகக் கீறல்கள். புனேயிலும் பெங்களூரிலும் சென்னையிலும் இதே கதைதான்.

காரின் பெயின்ட்டைக் கெடுப்பது வெயில் என்பது பொதுவான நம்பிக்கை. அது பாதி உண்மை. மீதிப் பாதி துடைக்கிற கையின் வேலை. வட இந்தியாவில் மே, ஜூன் மாதங்களில் வீசும் புழுதிக்காற்றில் குவார்ட்ஸ் எனும் மணல் துகள் கணிசமாக உண்டு. தாதுக்களின் கடினத்தை அளக்கும் பத்துப் படி அளவுகோலில் குவார்ட்ஸுக்கு ஏழாவது படி, கண்ணாடியையே கீறக்கூடியது. காரின் மேல்பூச்சோ ஒரு வகைப் பிளாஸ்டிக். காய்ந்த துணியால் ஒரு இழுப்பு இழுத்தால், மென்மையான உப்புத்தாளால் தேய்த்த மாதிரிதான்.

அந்த மேல்பூச்சின் கனம் தெரிந்தால் யாரும் இவ்வளவு தாராளமாகத் தேய்க்க மாட்டார்கள். தொழிற்சாலையில் காரின் தகடு முதலில் பாஸ்பேட் கரைசலில் குளிக்கிறது. பிறகு மின்சாரம் பாயும் தொட்டியில் மூழ்கித் துருத்தடுப்புப் பூச்சைப் பெறுகிறது. அதன் மேல் பிரைமர், நிறம், கடைசியாக நிறமே இல்லாத 'கிளியர் கோட்'. எல்லாம் சேர்ந்து பெரும்பாலான கார்களில் 100 முதல் 150 மைக்ரான். (ஆயிரம் மைக்ரான் சேர்ந்தால்தான் ஒரு மில்லிமீட்டர்.) கிளியர் கோட் மட்டும் சுமார் 35 முதல் 50 மைக்ரான். தலைமுடி கூடப் பொதுவாக இதைவிடப் பருமன். பளபளப்பு முழுக்க இந்தப் படலத்தில்தான் இருக்கிறது. புற ஊதாக் கதிரைத் தாங்கும் வேதிப்பொருளும் இதில்தான் கலந்திருக்கிறது. வயதான கார்களின் கூரையிலும் பானெட்டிலும் வெள்ளை வெள்ளையாகத் தோல் உரிந்திருப்பதைப் பார்க்கலாம். அங்கே உரிவது இந்தப் படலம்.

அம்பாசடர், பிரீமியர் பத்மினி காலத்துச் சாதாரணப் பெயின்ட்டில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. சில வருடம் வெயிலில் நின்றால் சுண்ணாம்பு பூத்தது போல வெளுக்கும். டிரைவர் ஒரு டப்பா ரப்பிங் காம்பவுண்டோடு அரை நாள் உட்காருவார். வெளுத்த தோல் போய், அடியிலிருந்து புது நிறம் எட்டிப் பார்க்கும். எவ்வளவு போயிருக்கிறது என்பது துணியில் ஒட்டிய நிறத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். கார்கள் மாறிவிட்டன, அந்தப் பழக்கம் மாறவில்லை. ஆயுத பூஜைக்கு ஒரு முறை, வீட்டில் கல்யாணம் என்றால் ஒரு முறை என்று 'ரப்பிங் பாலிஷ்' தொடர்கிறது. கிளியர் கோட்டுக்கு நிறமில்லை என்பதால் துணியில் அடையாளம் நிற்பதில்லை. என்ன போயிற்று என்பது தேய்ப்பவருக்கும் தெரியாது, காசு கொடுப்பவருக்கும் தெரியாது.

குழப்பத்தில் கடைக்காரர்களுக்கும் பங்குண்டு. பாலிஷும் வாக்ஸும் ஒரே அலமாரியில், சில சமயம் ஒரே டப்பாவில் விற்கப்படுகின்றன. இரண்டும் எதிரெதிர் வேலை செய்பவை. பாலிஷ் எடுக்கும், வாக்ஸ் சேர்க்கும். பாலிஷில் இருப்பவை நுண்ணிய அராவும் துகள்கள். கீறலின் இரு கரைகளையும் தேய்த்துப் பள்ளத்தின் மட்டத்துக்குக் கொண்டுவருவதால் கீறல் மறைகிறது. வாக்ஸ் வெறும் மெழுகு. உயர்ந்த ரகங்களில் சேர்வது கார்னாபா, வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனை ஜாதி மரத்தின் இலையிலிருந்து எடுப்பது. வறட்சியில் இலையின் ஈரம் போகாதிருக்க அந்த மரம் தனக்குத்தானே பூசிக்கொள்ளும் கவசம் அது. உருக 80 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். மே மாத வெயிலில் நிற்கும் கறுப்புக் காரின் பானெட் 70 டிகிரியைத் தொடக்கூடும் என்பதால் இது முக்கியம். தேன்மெழுகு அதற்கு முன்பே உருகிவிடும். ஆனால் கார்னாபாவும் சில வாரங்கள்தான் தாங்கும். தண்ணீர் தெளித்தால் முத்து முத்தாக உருளாமல் தட்டையாகப் படர்ந்தால், வாக்ஸ் போய்விட்டது என்று பொருள்.

ஆக, வாக்ஸ் தவறாமல், பாலிஷ் தவிர்க்க முடியாதபோது மட்டும். பெரும்பாலோர் செய்வது நேர் எதிர்.

இரண்டுக்கும் முந்தியது கழுவுவது. வண்டி நிழலில் நிற்க வேண்டும்; தகடு தொட்டால் குளிர்ந்திருக்க வேண்டும். முதல் தண்ணீர் தேய்ப்பதற்கல்ல, உதிரக்கூடிய மணலை ஓடவிடுவதற்கு. பிறகு இரண்டு வாளி: ஒன்றில் கார் ஷாம்பு, மற்றதில் வெறும் தண்ணீர். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் துணியை வெறும் தண்ணீரில் அலசிவிட்டுத்தான் ஷாம்புவில் முக்க வேண்டும். கூரையில் தொடங்கிக் கீழே இறங்குவது முறை. சக்கரங்கள் கடைசி, அவற்றுக்கு வேறு துணி; பிரேக்கிலிருந்து உதிரும் இரும்புத்தூள் அங்கேதான் படிகிறது. வட்டம் போடுவது தோசைக்கல்லுக்கு ஆகும். கார் மீது கை நேர்க்கோட்டில் போகட்டும். தரையில் விழுந்த துணியை உதறிவிட்டு மறுபடி எடுப்பது மகா பாவம்.

ஷாம்புவுக்குப் பதில் துணி சோப்புத் தூளோ பாத்திரம் தேய்க்கும் திரவமோ போதாதா? போதும், வாக்ஸ் வேண்டாமென்றால். அவை எண்ணெய்ப் பிசுக்கை எடுப்பதற்கென்றே பிறந்தவை. மெழுகும் அவற்றுக்கு ஒரு பிசுக்குதான். டீசலில் நனைத்த துணியால் துடைத்து மினுக்கும் டாக்ஸி ஸ்டாண்டு வைத்தியம் இன்னும் மோசம். அந்த எண்ணெய்ப் படலம் மாலைக்குள் ஊர்த்தூசியையெல்லாம் இழுத்துக்கொள்ளும். கண்ணாடி ஓரத்து ரப்பரையும் கெடுக்கும்.

கழுவிய ஈரத்தைக் காற்றில் காயவிடக் கூடாது. போர்வெல் தண்ணீரில் கால்சியமும் மக்னீசியமும் அதிகம். ஒவ்வொரு துளியும் காய்ந்து ஒரு வெள்ளை வளையத்தை விட்டுப் போகும். புதிய வளையம் என்றால், சம அளவு தண்ணீர் கலந்த வெள்ளை வினிகரால் மெல்ல ஒற்றி எடுத்து, உடனே கழுவிவிடலாம். பல மாதம் வெயிலில் வெந்த வளையம் பெயின்ட்டைக் குழித்திருக்கும். அதற்கு வினிகர் உதவாது.

காகத்தின் எச்சம் இன்னும் அவசரமானது. அதிலுள்ள அமிலம் சூடான பானெட்டில் சில மணி நேரத்திலேயே தடம் பதிக்கக்கூடும். சுரண்டினால், எச்சத்திலுள்ள மணலே கீறிவிடும். நனைத்த துணியை ஐந்து நிமிடம் அதன் மேல் போட்டு ஊறவிட்டு, அப்படியே தூக்கி எடுப்பதுதான் வழி. புதுக் காரின் பானெட்டில் விரலால் வரையும் குங்கும ஸ்வஸ்திக்குக்கும், ஆயுத பூஜைச் சந்தனத்துக்கும் இதே மரியாதை போதும். பூஜை முடிந்த மறுநாள் கழுவினால் எந்தத் தெய்வமும் கோபித்துக்கொள்வதில்லை. மாதக்கணக்கில் விட்டால் சாயம் நின்றுபோகலாம். வரைந்த விரலில் மோதிரம் இருந்திருந்தால் கீறலும் சேரும்.

கழுவிக் காய்ந்த காரின் மேல், கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு தடவினால் கண்ணுக்குத் தெரியாத சொரசொரப்பு விரலுக்குத் தெரியும். அதை எடுக்கக் களிமண் மாதிரிப் பிசையக்கூடிய 'கிளே பார்' கிடைக்கிறது. சோப்புத் தண்ணீர் வழுவழுப்பில்தான் அதை ஓட்ட வேண்டும். அதன் பிறகும் வண்டி மங்கலாக இருந்தால் மட்டும் பாலிஷ், அதுவும் கையால், ஒரு மூலையில் சோதித்துப் பார்த்து. நகத்தை ஓட்டினால் சிக்கும் அளவுக்கு ஆழமான கீறலைப் பாலிஷ் போக்காது; போக்க முயன்றால் கிளியர் கோட்தான் போகும். வாக்ஸைச் சப்பாத்திக்கு நெய் தடவுவது போல மெல்லத் தடவி, வெண்படலமாக மங்கியதும் சுத்தமான துணியால் துடைத்தெடுத்தால் வேலை முடிந்தது. அப்பினால் கூடுதல் பலன் இல்லை, துடைக்கும் தோள்தான் வலிக்கும். பம்பரின் கறுப்பு பிளாஸ்டிக்கில் பட்டால் வெள்ளைக் கறை நிற்கும். விபத்துக்குப் பிறகு ஒர்க்ஷாப்பில் அடித்த புதுப் பெயின்ட்டுக்கு வாக்ஸ் போட, அது முழுதும் உலர இரண்டு மாதமாவது பொறுப்பது நல்லது.

காரைத் தினமும் துடைக்க வேண்டிய அவசியமே இல்லை. மாதச் சில நூறு ரூபாய்க்கு விடியற்காலையில் பத்துப் பதினைந்து வண்டி துடைப்பவரைக் குற்றம் சொல்வதிலும் நியாயமில்லை. ஒரு வாளித் தண்ணீரும் ஒரு துணியும் வைத்துக்கொண்டு அவரால் வேறு என்ன செய்ய முடியும்? அதே சம்பளத்துக்கு வாரம் இரண்டு நாள் மட்டும், சொந்தக்காரரே கொடுக்கும் இரண்டு வாளியும் நாலு துணியும் கொண்டு நிதானமாகக் கழுவச் சொன்னால் இருவருக்கும் லாபம்.

தண்ணீருக்கும் லாபம். குழாயைத் திறந்துவிட்டால் நிமிடத்துக்குப் பத்து லிட்டருக்கு மேல் கூடப் போகும். 2024 மார்ச்சில் பெங்களூரு தண்ணீரில்லாமல் தவித்தபோது, குடிநீரில் வண்டி கழுவினால் 5,000 ரூபாய் அபராதம் என்று அங்குள்ள குடிநீர் வாரியம் உத்தரவிட்டது. அதே ஆண்டு மே மாதக் கடும் வெயிலில், ஹோஸ் பைப்பால் கார் கழுவினால் 2,000 ரூபாய் என்று தில்லி அரசு அறிவித்தது. இரண்டு வாளி முறையில் நாற்பது ஐம்பது லிட்டரில் ஒரு சிறிய கார் முடிந்துவிடும்.

இத்தனை பாடும் வேண்டாம் என்பவர்களுக்குத்தான் ஷோரூம்கள் 'கோட்டிங்' விற்கின்றன. சில வருடங்களுக்கு முன்பு வரை எங்கும் டெஃப்லான் பேச்சுதான். சட்டியில் டெஃப்லான் ஒட்ட 300 டிகிரிக்கு மேல் சூடு தேவை. அந்தச் சூட்டில் காரின் பெயின்ட் கருகிவிடும். பிறகு எப்படி ஒட்டியது என்று கேட்டவர்கள் குறைவு. இப்போதைய செராமிக் கோட்டிங் அதைவிட நாணயமானது. வாக்ஸைவிடக் கடினமாகவும் இருக்கும், நீண்ட நாளும் தாங்கும். ஆனால் மணல் ஒட்டிய துணி அதையும் கீறும். பல ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டுப் பழைய வாளிக்கே திரும்பினால் பயனில்லை.

பழைய கார் வாங்க வருபவர்கள் இப்போது கையடக்கமான ஒரு மீட்டரோடு வருகிறார்கள். தகட்டின் மேல் வைத்தால் பெயின்ட்டின் கனத்தை மைக்ரானில் சொல்லிவிடுகிறது. 200-ஐத் தாண்டினால், 'இந்தக் கதவு எங்கே அடிபட்டது?' என்று கேள்வி வரும். பக்கத்துக் கதவு 120 காட்டும்போது பானெட் மட்டும் 80 காட்டினால் அடுத்த கேள்வி எதுவும் இருக்காது. அவர் விலையைக் குறைத்துச் சொல்வார்.