நிழலிலும் நீதி வேண்டும்!

காலடிப்பேட்டை! திருவொற்றியூரை ஒட்டி, கடலுக்கு அருகே கிடக்கும் பழைய பேட்டை. 1717 முதல் 1720 வரை சென்னைக் கோட்டையில் கவர்னராக வீற்றிருந்த ஜோசப் காலெட், கும்பினியின் துணி வாணிபம் தழைக்க வேண்டும் என்று நெசவாளரைக் குடியேற்றிய ஊர். அவன் பெயரால் காலெட் பேட்டை என வழங்கிற்று. மக்கள் நாவில் புரண்டு காலடிப்பேட்டை ஆயிற்று. பெயர் திரிந்த விதம் கண்டு மொழியறிஞர் மகிழக்கூடும். நாமோ, பெயருக்கும் நிலைக்கும் இத்துணைப் பொருத்தம் வாய்த்துவிட்டதே என்று வருந்துகிறோம்.

தலையில் பிறந்தவன் ஒருவன், காலில் பிறந்தவன் ஒருவன் என்று மனிதரைக் கூறுபோட்ட பழைய வருணக் கணக்கை ஏட்டிலே எதிர்த்தோம், மேடையிலே எதிர்த்தோம். அந்தக் கணக்கையே மண்ணில் எழுதி வைத்திருக்கிறார்களே, அதைக் கண்டோமா? மாநகரின் தலை தெற்கே, கால் வடக்கே. தலைக்கு மலர், காலுக்குச் சாம்பல்! தெற்கே காற்று வாங்குகின்றனர். வடக்கே புகை வாங்குகின்றனர். விளக்கெரிய மின்சாரம், வண்டியோட எண்ணெய், வயலுக்கு உரம், கடைக்குச் சரக்கு—எல்லாம் எண்ணூரும் மணலியும் இராயபுரமும் தருகின்றன. தந்தவனுக்குக் கைம்மாறு என்ன? ஒதுங்க ஒரு மரநிழல்கூட அரிதாகிவிட்ட தெரு!

இது இயற்கையின் விதி என்பார் உண்டு. அன்று! கடற்கரையையே சான்றாகக் காட்டுகிறோம். 1876இல் சென்னைத் துறைமுகத்துக்கான அலைதடுப்புச் சுவர்கள் எழத் தொடங்கின. இக்கடலில் மணல், ஆண்டின் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே நகர்வது. சுவர் குறுக்கே நின்றது. மணல் தெற்கே தங்கிற்று. தங்கிய மணல் மெரினாவாக விரிந்தது. 1880களில் உலாவும் சாலை அமைத்து உலகப் புகழ் பெற்றனர். வடக்கே என்ன ஆயிற்று? வரவேண்டிய மணல் வரவில்லை. அலை மட்டும் வந்தது. இராயபுரம் முதல் எண்ணூர் வரை கரை கரைந்தது, குப்பங்கள் கரைந்தன. கருங்கல்லைக் கொட்டிச் சுவர் எழுப்பினர். தூண்டில் வளைவு போட்டனர். கல் நின்ற இடம் தப்பிற்று. அரிப்பு அடுத்த குப்பத்துக்கு நகர்ந்தது. ஒரே சுவர், ஒரு புறம் பூஞ்சோலைக்குப் புதுமணல் ஈந்தது. மறுபுறம் மீனவன் வலை உலர்த்தும் மணலையும் பறித்தது! இதற்குப் பெயர் விதியா? மனிதன் போட்ட கோடு அன்றோ?

பூங்காக்களைப் பாருங்கள். கதீட்ரல் சாலையில் 2010இல் செம்மொழிப் பூங்கா. 2024இல் அதே சாலையில் கலைஞர் நூற்றாண்டுப் பூங்கா. அடையாற்றில் 2011இல் தொல்காப்பியப் பூங்கா. கிண்டியில் காடே இருக்கிறது. இவை வேண்டாம் என்பவரல்லர் நாம். தமிழ்ப் பெயர் தாங்கி மலர்ந்த பூங்காக்கள் கண்டு பூரிப்படைகிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம். அடையாற்றுக் கழிமுகத்தில் இடிபாடும் குப்பையும் மண்டிக் கிடந்த 58 ஏக்கரைத் தூய்மை செய்து, நீர்நிலை வெட்டி, அலையாத்தி நட்டு, பறவை வந்தமரும் இடமாக்கினார்களே—அடையாற்றுக்குத் தெரிந்த வித்தை கொசத்தலையாற்றுக்குத் தெரியாதா? எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்து, இறாலும் நண்டும் அருகி, ஆழமும் குறைந்து கிடக்கிறதே, அதைக் காண மட்டும் கண்ணில்லையா?

உடனே ஒரு கூட்டம் எழுந்து சொல்லும்: "ஆலை நடக்கும் இடத்தில் அழகு எதற்கு? முதலில் வேலை, பிறகு மரம்!" நண்பர்களே, நாம் அழகைப் பிச்சை கேட்கவில்லை. நிலத்தோற்றக் கலை என்பது சீமான் வீட்டு முற்றத்தில் பூந்தொட்டி அடுக்கும் கலையன்று. மழை எங்கே விழும், எந்த வழியே ஓடும், எங்கே தேங்கும், எங்கே மண்ணுக்குள் இறங்கும், கடற்காற்று எந்தத் தெரு வழியே நுழையும், உழைத்துத் திரும்புவோன் எந்த மரத்தடியில் மூச்சு வாங்குவான்—இவற்றைக் கணக்கிட்டு நிலத்தைத் திருத்தும் அறிவியல் அது. மரம் வெயிலைத் தடுக்கிறது. இலை வழியே நீரை ஆவியாக்கிக் காற்றைக் குளிர்விக்கிறது. சிமெண்டும் தாரும் தகரமும் பகலெல்லாம் வெப்பத்தை விழுங்கி, இரவெல்லாம் கக்குகின்றன. குளிர்சாதன அறையில் உறங்குவோனுக்கு இது செய்தி. தகரக் கூரையின்கீழ் புரள்வோனுக்கு இது வேதனை. புவி வெப்பம் ஏறிவரும் இந்நாளில் மரமில்லாத் தெரு அழகற்ற தெரு மட்டுமன்று, ஆபத்தான தெரு!

வெள்ளமும் வறட்சியும் வேறு வேறு என்று எண்ணுகிறோம். ஒரே பிழைக்குப் பிறந்த இரட்டையர் அவை! 2015 டிசம்பரில் மாநகரம் மூழ்கிற்று. 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, மக்கள் குடத்துடன் லாரிக்காகக் காத்து நின்றனர். 2023 டிசம்பரில் மீண்டும் மூழ்கினோம். பெய்த மழையை மண்ணுக்குள் அனுப்பாமல் கடலுக்குத் துரத்தினால், மழைக்காலத்தில் வெள்ளம், கோடையில் தாகம்; இதில் வியப்பென்ன? ஆனால் 2019இல் நாம் கண்ட காட்சி யாது? மழை வேண்டிக் கோயில்களில் வேள்வி நடத்த அறநிலையத் துறையே சுற்றறிக்கை விடுத்தது! ஏரியைத் தூர்த்துவிட்டு வருணனை அழைப்பது, பானையை உடைத்துவிட்டுப் பாலுக்காகக் காத்திருப்பதன்றோ?

2023இன் மிக்ஜாம் புயல் வடசென்னைக்கு வெள்ளத்தை மட்டும் தரவில்லை. மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் வெள்ளத்தோடு கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே எண்ணூர்க் கழிமுகத்தில் பரவிற்று. வீட்டுச் சுவரில் எண்ணெய், படகில் எண்ணெய், வலையில் எண்ணெய்! மீனவர் வாளியாலும் கையாலும் அள்ளியதை நாடு பார்த்தது. அதே மாதம் 26ஆம் நாள் இரவு, எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, உறங்கிய மக்கள் மூச்சுத் திணறி ஓடினர். ஆலைக்கும் குடியிருப்புக்கும் இடையே போதிய இடைவெளி விட்டு, அந்த வெளியில் அடர்ந்த மரவரிசையும் நீர் தேங்கும் தாழ்நிலமும் அமைத்திருக்க வேண்டாமா? மரம் ஆலையின் குற்றத்தைக் கழுவிவிடும் என்று சொல்லவில்லை. குற்றத்தைச் சட்டம் தடுக்க வேண்டும். ஆனால் அரணின்றி மக்களை ஆலைச் சுவரோடு ஒட்டவைத்த திட்டம், திட்டமே அன்று.

முடியாது என்பார்க்கு உலகைக் காட்டுகிறோம். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் கழிவுநீர் தேங்கி நாறிய கடற்கழியை, 1870களின் இறுதியில் ஃபிரடெரிக் லா ஓம்ஸ்டெட், வெள்ளம் தாங்கும் சதுப்புநிலப் பூங்காவாக வடிவமைத்தார். செருமனியின் டூயிஸ்பர்க்கில் 1985இல் மூடிய இரும்பாலையை இடித்துத் தள்ளாமல் 1990களில் மக்கள் பூங்காவாக்கினர். தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், சிமெண்டு வாய்க்காலாக அடைபட்டுக் கிடந்த காலாங் ஆற்றை பீஷான் பூங்காவில் விடுவித்து, ஏறத்தாழ 3 கிலோமீட்டர் வளைந்தோடும் ஆறாக 2012இல் திறந்தனர். மழை பெருகினால் புல்வெளி ஆற்றுக்கு இடம் தரும். வடிந்தால் சிறுவர்க்கு இடம் தரும். அங்கே சிமெண்டை உடைத்து ஆறு செய்கின்றனர். இங்கே ஆற்றை உடைத்துச் சிமெண்டு செய்கிறோம்!

அயலார் அறிவு மட்டுமா நமக்குத் துணை? நிலத்தை ஐந்தாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் மரமும் பறவையும் தொழிலும் கண்ட இனம் நாம். நெய்தலுக்குப் புன்னையும் தாழையும் கண்டலும் உரியவை. புன்னையை மகளுக்கு உடன்பிறந்தாளாகக் காட்டிய தாயை நற்றிணை பாடுகிறது. அந்த நெய்தல் நிலம்தான் எண்ணூர்! பொதுநிலத்துக்குப் புறம்போக்கு என்று பெயர். இன்று அச்சொல் வசைமொழி! ஏரியும் கழியும் மேய்ச்சல் நிலமும் யாருக்கும் தனியுரிமையற்று எல்லார்க்கும் உரியனவாக இருந்ததே, அது வசையா?

ஆகவே நாம் கேட்பவை இவை. எண்ணூர்க் கழிமுகத்தின் சாம்பலை அகற்றி, அலையாத்தியை மீட்க வேண்டும். பக்கிங்காம் கால்வாயைச் சாக்கடையாக நடத்துவதை நிறுத்தி, கரையில் நிழல்வழி அமைக்க வேண்டும். உப்புக் காற்றைத் தாங்கும் புன்னையும் பூவரசும் புங்கனும், சீமைப்புல் தேடாமல், தெருதோறும் நடவேண்டும்; நட்ட படத்தை வெளியிட்டால் போதாது, மூன்றாண்டு நீரூற்றி வளர்த்த கணக்கை வெளியிட வேண்டும். மழைநீர் வடிகால் கட்டும்போதே மழைநீர் இறங்கும் மண்ணுக்கும் இடம் விடவேண்டும். நகர் மட்டும் திருந்தினால் போதாது. கொசத்தலையாறு 1944இல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்தைக் கடந்து நாட்டுப்புறத்து வயல்களூடே வருகிறது. அங்கே ஏரி தூர்ந்தால் இங்கே வீடு மூழ்கும்.

2024 மார்ச்சில் வடசென்னை வளர்ச்சித் திட்டம் நான்காயிரம் கோடி ரூபாய்க்கும் மேற்பட்ட மதிப்பில் தொடங்கப்பட்டது. வரவேற்றோம். ஆனால் வளர்ச்சியைக் கட்டடத்தின் உயரத்தால் மட்டும் அளப்பது கூடாது. இன்னொன்றும் எச்சரிக்கிறோம்: பசுமையின் பெயரால் ஏழையை விரட்டலாகாது! ஆற்றங்கரையை அழகாக்குகிறோம் என்று குடிசைகளை அகற்றி, மக்களைக் கண்ணகி நகருக்கும் பெரும்பாக்கத்துக்கும் பெயர்த்த வரலாற்றை நாம் மறக்கவில்லை. மரத்தை நட்டு மனிதனைப் பிடுங்குவது பசுமையன்று. எங்கே நீர் தேங்கும், எந்தப் பருவத்தில் அலை ஏறும் என்று மீனவனுக்கும் தொழிலாளிக்கும் தெரியும். அவர்களைக் கூட்டிவைத்துக் கேட்டு வரைபடம் வரையுங்கள்.

காலெட் காலத்தில் குடியேறிய நெசவாளனுக்குத் தெரு என்பது நடக்கும் வழி மட்டுமன்று. பாவு விரிக்கும் களம், தொழிற்கூடம், ஊர்க்கூடம். இன்று அவ்வழிகளில் கன்டெய்னர் லாரிகள் உறுமுகின்றன. தெருவை மீட்பது என்றால், தொழிலாளியின் வாழ்வை மீட்பது என்று பொருள்.

பூங்கா பணக்காரன் பொழுதுபோக்கும் இடம் என்று இனியும் எவரேனும் கூறினால், இராயபுரத்து ராபின்சன் பூங்காவை நினைவூட்டுங்கள். 1949 செப்டம்பரில், கொட்டும் மழையில், எளிய மக்கள் கூடி நின்று அறிஞர் அண்ணாவின் சொல் கேட்டனர். திராவிட முன்னேற்றக் கழகம் மக்கள் முன் தோன்றியது அங்கேதான்! வடசென்னையின் ஒரு திறந்தவெளி, ஒரு நாட்டின் அரசியலையே மாற்றிற்று. அன்று நனைந்த மண் மழையைக் குடித்தது; மக்கள் கருத்தைக் குடித்தனர். அத்தகைய மண்ணை வடசென்னையின் ஒவ்வொரு பேட்டைக்கும் குப்பத்துக்கும் கேட்கிறோம். சலுகையாக அன்று, உரிமையாக! காலடியில் கிடப்பது தலைக்குப் பாரமன்று. அது நின்றால்தான் தலை நிமிரும்.