கூவுறது ஒரு சுரம், வெட்டுறது எட்டு

போன முறை எங்கட நாடகத்தில் இரண்டாவது காட்சியிலேயே மைக் கூவத் தொடங்கிட்டுது. சவுண்ட் பார்த்த அண்ணா ஓடிப்போய் கிராபிக் ஈக்வலைசரில் நாலைந்து ஸ்லைடரைக் கீழே இழுத்துவிட்டார். கூவல் நின்றது. ஆனா அதுக்குப் பிறகு மேடையில கதைச்சது ஒண்டும் விளங்கேல்ல. பின்வரிசை எழும்பிப் போயிட்டுது. பழி முழுக்க நடிகரின் உச்சரிப்பு மேல விழுந்தது. அது நியாயமே இல்லை.

கணக்கைப் பாருங்கோ. ஒரு ஸ்தாயியில் 12 சுரத்தானங்கள். 15 ஸ்லைடர் ஈக்வலைசரில் ஒவ்வொரு ஸ்லைடரும் மூன்றில் இரண்டு ஸ்தாயி அகலம், அதாவது எட்டுச் சுரத்தானம். 31 ஸ்லைடர் எண்டா நாலு. கூவலோ அநேகமா ஒரேயொரு சுரம்தான். 2500 ஹேர்ட்ஸில் அது கூவினா, முதலாவது பெட்டி ஏறத்தாழ 2000 முதல் 3150 வரை வெட்டும்; இரண்டாவது 2230 முதல் 2800 வரைதான். மெய்யெழுத்துக்களைப் பிரிச்சுக் காட்டுற ஒலிகளில் பெரும்பகுதி 2000க்கும் 4000க்கும் இடையில்தான் இருக்கு. கூவலோட சேர்ந்து போனது அதுதான்.

31 எண்டு எழுதியிருந்தாலும் காணாது. பழைய வகைகள் பலதில் ஸ்லைடரை முழுக்க இறக்கினாத்தான் அந்த ஒடுங்கிய அகலம் வரும். கொஞ்சமா இறக்கினா வெட்டு அகலமாப் பரவும். 1980களில் பரவலான கொன்ஸ்டன்ட்-கியூ வகையில், ஸ்லைடர் எங்க நிண்டாலும் அகலம் பெரிசா மாறாது.

அப்ப ஒடுக்கம்தான் எப்பவும் நல்லதோ? இல்லை. மண்டபத்தின்ர மொத்தத் தொனியைத் திருத்த, அகலமான மெல்லிய வெட்டுத்தான் காதுக்கு இயல்பா இருக்கும். கூவலைப் பிடிக்கத்தான் ஒடுக்கம் வேணும். ரெண்டும் வேற வேற வேலை.

உண்மையில பிழை எங்கடதான். சவுண்ட் பிடிக்கேக்க எத்தனை வாட்ஸ் எண்டு மட்டும் கேட்டம். ஈக்வலைசர் எது எண்டு கேக்கேல்ல. சவுண்ட் அண்ணாவுக்கு ஒத்திகை நேரமும் குடுக்கேல்ல. ஒரு மணித்தியாலம் குடுத்திருந்தா, ஸ்பீக்கருக்கு முன்னால நிண்ட மைக்கை நகர்த்தி, சத்தத்தை மெல்ல மெல்லக் கூட்டி, எந்தச் சுரம் முதல்ல கூவுது எண்டு பிடிச்சு, அதை மட்டும் தேவையான அளவு இறக்கியிருப்பார். ஆக்கள் நிறைஞ்ச மண்டபத்தில், கூவிக்கொண்டு இருக்கேக்க ஆராலும் சுரம் தேடேலாது.

வசனம் மனப்பாடமாக்க மாதக்கணக்கில் இருந்தம். அது பின்வரிசைக்குப் போய்ச் சேர ஒரு மணித்தியாலம் ஒதுக்கேல்ல. அடுத்த முறை நடிகரைத் திட்ட முதல் ஸ்லைடர்களை ஒருக்காப் பாருங்கோ.