நீல இரத்தம்!

உழவன் விரலில் அரிவாள் பட்டாலும் கசிவது சிவப்பு. உப்பரிகையில் உலவுவோன் விரலில் முள் தைத்தாலும் கசிவது சிவப்பு. ஆயினும் ஸ்பெயின் நாட்டுப் பிரபுக்கள், தமது நாளங்களில் ஓடுவது நீல இரத்தம் என்று செருக்குடன் செப்பித் திரிந்தனர். அந்த நீலத்தில் பிறிதொரு துளி கலந்துவிடாதபடி கட்டிக் காத்த குலமொன்று உண்டு, தோழர்களே! ஹாப்ஸ்பர்க் குலம் என்பது அதன் பெயர்.

வாளெடுத்துச் சேர்த்ததைவிட மணமாலை சூட்டிச் சேர்த்த நிலமே அக்குலத்துக்கு அதிகம். பெண் எடுத்தால் நாடு வரும். அப்படியானால், பெண் கொடுத்தால் நாடு போகுமன்றோ? போகாதிருக்க வழி? எடுப்பதும் நம் வீட்டில், கொடுப்பதும் நம் வீட்டில்! ஸ்பெயினில் ஒரு கிளை, ஆஸ்திரியாவில் ஒரு கிளை. இரண்டுக்கும் இடையே தலைமுறை தலைமுறையாகப் பெண் மாற்று வாணிபம் நடந்தது. ஸ்பெயின் கிளையின் 11 மணங்களில் 9, நெருங்கிய உறவுக்குள் நடந்தவை. திருச்சபை விதித்த தடை என்னவாயிற்று என்பீர்கள். மன்னன் விண்ணப்பித்தான், போப்பாண்டவரின் விலக்கு வந்து சேர்ந்தது!

நான்காம் பிலிப் செய்ததைக் கேளுங்கள். மரியானா, அவன் மகனுக்கென்று நிச்சயிக்கப்பட்ட பெண். மகன் 1646இல் மாண்டான். தந்தை அவளை விட்டாரில்லை. 1649இல் தாமே மணந்தார்! அவருக்கு வயது 44, அவளுக்கு 14. அவள் யார்? அவருடைய தங்கை மகள்!

இவர்களுக்கு 1661இல் பிறந்தவனே இரண்டாம் சார்லஸ். முறை வைத்துப் பாருங்கள்: பெற்ற தாயே அவனுக்கு அத்தை மகள், தாயைப் பெற்ற பாட்டியே அவனுக்கு அத்தை!

நான்கு வயது நிரம்புமுன் அவன் தலையில் முடி ஏறிற்று. நடக்கவும் பேசவும் அவனுக்கு நெடுநாள் ஆயிற்று. துருத்திய தாடையால் உணவை மென்று தின்ன இயலவில்லை. இருமுறை மணந்தும் மகவில்லை. அந்தப் பரிதாபத்துக்குரியவனைக் கண்டு நகைக்க நமக்கு மனம் வரவில்லை. அவன் குற்றவாளியல்லன், பலியானவன். அரண்மனையோ, "மன்னருக்குச் சூனியம் வைத்துவிட்டனர்" என்று கூறிப் பேயோட்டும் பாதிரிகளை அழைத்தது! சூனியம் இருந்தது எங்கே? முன்னோர் எழுதிய மண ஓலைகளில் அல்லவா?

2009இல் ஸ்பெயினின் மரபியல் அறிஞர்கள் அவ்வம்சத்தின் 16 தலைமுறைகளைக் கணக்கிட்டனர். வம்சத்தைத் தொடங்கிய முதலாம் பிலிப்பிடம் 0.025 ஆக இருந்த உட்கலப்பு அளவு, சார்லஸிடம் 0.254 ஆயிற்று. உடன்பிறந்த அண்ணனும் தங்கையும் கூடிப் பெற்ற பிள்ளைக்கே அது 0.25 தான்! 1527 முதல் 1661 வரை அக்குடும்பத்தில் பிறந்த மக்களிற் பாதிப்பேர் பத்து வயதைக் காணவில்லை. மருத்துவர் புடைசூழ இருந்த தொட்டிலில்!

"நம் வீடுகளிலும் அக்காள் மகளைக் கட்டுவதுண்டே" என்று முணுமுணுப்போர் உளர். உண்டு. ஒரு மணத்தால் ஒரு குலம் உடனே அழிந்துவிடாது என்பதும் மெய்தான். ஆனால், "சொத்து வெளியே போகலாமா?" என்று நம் பெரியவர் கேட்கும் கேள்வி, பிலிப்பின் கேள்வியே அல்லவா?

மன்னன் தாடையால் பேரரசு சரிந்தது என்று நாம் கூற வரவில்லை. ஓயாத போரும் தீராத கடனும் அதற்கு முன்பே அதை அரித்துவிட்டன. நாம் கேட்பது வேறு. இயலாத ஒருவனை 35 ஆண்டுகள் அரியணையில் இருத்தி வைத்தது எது? அறிவா? ஆற்றலா? மக்கள் அளித்த ஒப்புதலா? பிறப்பு! பிறப்பு ஒன்றே!

1700 நவம்பர் முதல் நாள், 38 வயதில், அவன் கண்மூடினான். பட்டம் பிரெஞ்சு மன்னன் பதினான்காம் லூயியின் பேரனுக்கு என்று உயில் கூறிற்று. ஆஸ்திரியா சினந்தது, இங்கிலாந்தும் ஹாலந்தும் அதன் பக்கம் சேர்ந்தன. 1701 முதல் 1714 வரை ஐரோப்பா எங்கும் போர்! ஒரு படுக்கையறையில் பிள்ளை பிறக்கவில்லை. அதற்காக, அந்த அறையைக் கண்டேயிராத குடியானவர் வீட்டுப் பிள்ளைகள் களத்தில் மடிந்தனர். பின்னர் பாகப்பிரிவினை. மிலானும் நேப்பிள்ஸும் ஆஸ்திரியாவுக்கு, ஜிப்ரால்டர் ஆங்கிலேயருக்கு. அங்கே வாழ்ந்தோரை ஒரு சொல் கேட்டவர் எவர்? ஜிப்ரால்டர் மக்களிற் பெரும்பாலோர், கோட்டை பிடிபட்ட 1704இலேயே மூட்டை முடிச்சுகளுடன் ஊரை விட்டு வெளியேறியிருந்தனர்.