சுதந்திராக் கட்சியின் பாடம்

தேசம் முழுவதும் ஒரே திசையை நோக்கி நிற்கும் காலத்தில், அதற்கு மாறான அபிப்பிராயத்தைத் தைரியமாக எடுத்துரைப்பது எளிய காரியமன்று. 1959 முதல் 1974 வரை நமது தேசத்தில் வாழ்ந்து மறைந்த சுதந்திராக் கட்சி அக்காரியத்தையே செய்தது. அதன் கொள்கைகள் யாவற்றையும் ஒப்புக்கொள்ளாதவர்களும் அதன் சரித்திரத்தை ஊன்றிப் பார்ப்பது நலம். அதில் ராஜீய ஊழியர் அனைவருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. சட்டம் இயற்றுவோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது.

1959-ம் வருஷம் ஜனவரி மாதம் நாகபுரியில் கூடிய காங்கிரஸ் மகாநாடு, நிலங்களை ஒன்று சேர்த்துக் கூட்டுறவு முறையில் சாகுபடி செய்வதே வருங்கால விவசாய அமைப்பு எனத் தீர்மானித்தது. உழுபவனுக்கே நிலம் என்று கூறி வந்த ஸ்தாபனம், அந்நிலத்தைப் பொதுவில் சேர்க்கச் சொல்வதேன் என்று குடியானவர்களிடையே அச்சம் பிறந்தது. தொழில் துறையிலோ, சர்க்காரின் லைசென்ஸ் இல்லாமல் பெரிய ஆலை ஒன்றைத் துவக்கவும் முடியாது, விஸ்தரிக்கவும் முடியாது என்ற நிலைமை. இதனை 'பர்மிட்-லைசென்ஸ் ராஜ்யம்' என்று கண்டித்து வந்த ராஜாஜி, 80 வயது நிரம்பிய நிலையில், ஜூன் மாதம் சென்னையில் புதுக் கட்சியைப் பிரகடனம் செய்தார். ஆகஸ்ட் மாதம் பம்பாயில் அது முறைப்படி துவக்கப்பட்டது. ஸ்ரீ என். ஜி. ரங்கா தலைவராகவும், ஸ்ரீ மினு மஸானி பொதுக் காரியதரிசியாகவும் அமர்ந்தனர். கட்சியின் கோட்பாடுகள் 21. அவற்றில் அடங்காத விஷயங்களில் அங்கத்தினர் தம் இஷ்டம்போல் அபிப்பிராயம் கொள்ளலாம் என்பதும் அவற்றில் ஒன்று. கட்சிக் கட்டுப்பாடு என்ற பெயரால் வாய்ப்பூட்டு இடும் ஸ்தாபனங்கள் மலிந்த தேசத்தில் இது புதுமையே.

1962-ம் வருஷத் தேர்தலில் இக்கட்சிக்கு லோக் சபையில் 18 ஸ்தானங்கள் கிடைத்தன. 1967-ல் அது 44 ஆக உயர்ந்து, பிரதான எதிர்க்கட்சியாக நின்றது. ஒரிஸ்ஸாவில் ஸ்ரீ ஆர். என். சிங் தேவ் தலைமையில் கூட்டு மந்திரிசபையும் அமைத்தது. ஆனால் 1971-ல் எஞ்சியவை 8 ஸ்தானங்களே. 1972-ம் வருஷம் டிசம்பர் மாதம் ராஜாஜி காலமானார். 1974-ல் கட்சி பாரதீய லோக் தளத்தில் கலந்து மறைந்தது.

இவ்வளவு விரைவில் ஏறியதும் இறங்கியதும் ஏன்? ஏறியபோது அதற்கிருந்த பலத்தில் பெரும் பகுதி கடனாக வந்தது என்பதே நமது அபிப்பிராயம். பீகாரில் ராம்கட் ராஜாவின் செல்வாக்கினால் 1962-ல் 50 சட்டசபை ஸ்தானங்கள் வந்தன. ராஜா விலகியதும் அந்தப் பலமும் அவருடன் விலகிற்று. ராஜஸ்தானத்தில் ஜெய்ப்பூர் மகாராணி காயத்ரி தேவி, ஒரிஸ்ஸாவில் முன்னாள் சமஸ்தானாதிபதிகள் என்று, அரண்மனைகளின் நிழலிலேயே கட்சி வளர்ந்தது. சிறு குடியானவனின் வயலைக் காக்கப் புறப்பட்டதாகச் சொன்ன கட்சியின் மேடையில், ஜமீனை இழந்தவர்களும் ஆலை முதலாளிகளும் முன்வரிசையில் வீற்றிருந்தால், அக்குடியானவன் எப்படி நம்புவான்? வாதம் நியாயமானதாக இருக்கலாம். வாதிப்பவர் யார் என்பதையும் ஜனங்கள் பார்க்கிறார்கள்.

கூட்டுறவுகளும் கடனாக வந்த பலமே. 1967-ல் நமது மாகாணத்தில் தி. மு. கழகத்துடன் சேர்ந்து சட்டசபையில் 20 ஸ்தானங்கள் பெற்றது. ஆட்சி மாற்றத்தின் பலன் கழகத்துக்கே சேர்ந்தது. 1971-ல் சோஷலிஸ்டுகளும் அடங்கிய கூட்டணியில் புகுந்தது. சோஷலிஸத்தை எதிர்ப்பதற்கென்றே பிறந்த கட்சி, ஒருவரைப் பதவியிலிருந்து இறக்குவதற்காகச் சோஷலிஸ்டுகளுடன் கைகோத்து நின்றதைக் கண்ட வாக்காளர், அதன் கொள்கைக்கு மதிப்புத் தரவில்லை. அதில் வியப்பில்லை.

எனினும் அதன் உழைப்பு முற்றிலும் வீணாயிற்று என்று கூற மாட்டோம். நாகபுரித் தீர்மானம் ஏட்டளவில் நின்றுவிட்டது. 1991-ம் வருஷம் ஜூலை மாதம் பெரும்பாலான தொழில்களுக்கு லைசென்ஸ் முறையை ரத்துச் செய்ததும் ஒரு காங்கிரஸ் சர்க்காரே. கட்சி மறைந்த 17 வருஷங்களுக்குப் பின், அதன் எதிரிகளே அதன் யோசனையில் ஒரு பகுதியை நிறைவேற்றினர். சிறுபான்மையின் குரலை அடக்கிவிட்டிருந்தால் அந்த யோசனை அன்று பார்லிமெண்டில் ஒலித்திராது.

சுதந்திராக் கட்சியை உயர்த்தியவர்கள் ஜனங்கள், வீழ்த்தியவர்களும் ஜனங்களே. அத்தீர்ப்பில் குறை கூற இடமில்லை. ஆனால் இன்று அத்தகைய கட்சி ஜனங்கள் முன் நேர்மையாக வரவே வழியில்லை. தேர்தல் கமிஷனில் பதிவு பெற விரும்பும் எந்தக் கட்சியும், சோஷலிஸக் கொள்கையிடம் விசுவாசம் கொண்டிருப்பதாகத் தன் விதிகளில் எழுதித் தரவேண்டும் என்கிறது, 1989 முதல் அமலில் உள்ள ஜனப் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 29-ஏ பிரிவு. அரசியல் சட்டத்தின் முகவுரையில் 1950-ல் அச்சொல் இல்லை. அவசர நிலைமையின்போது, 1976-ல் சேர்க்கப்பட்டது. ராஜாஜி இன்று கட்சி துவக்கினால், எதை எதிர்க்கிறாரோ அதையே ஏற்பதாக எழுதிக் கொடுத்த பிறகே பதிவு பெற முடியும். ஒரு கட்சியைப் பொய்யுடன் பிறக்கச் சொல்வது என்ன ஜனநாயகம்?

சோஷலிஸத்தில் உறுதியான நம்பிக்கை உள்ளவர்களே இந்நிபந்தனையை நீக்கக் கோருவதில் முந்தவேண்டும். தம் கொள்கையில் நம்பிக்கை உள்ளவனுக்கு மேடை போதும். சட்டத்தின் துணை எதற்கு? மாற்றுக் கொள்கையினருக்கும் ஒன்று சொல்வோம். அரண்மனையிலும் ஆலை முதலாளியிடமும் கடன் வாங்கிய பலம் கடன் கொடுத்தவனோடு போய்விடும். கிராமத்தில் உழைத்துத் தேடிய பலமே நிற்கும்.